எட்டாவது கோரிக்கை

1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸின் தந்தி வாஷிங்டனிலிருந்து பால்டிமோரை எட்டியது. அதுவரை வறுமையிலும் ஏளனத்திலும் பல ஆண்டுகளைக் கழித்தவர் அவர். அவருடைய காப்புரிமையின் எட்டாவது கோரிக்கை, கருவி எதுவானாலும் சரி, மின்சாரத்தின் விசையால் எவ்வளவு தொலைவிலும் எழுத்தைப் பதிக்கும் முறை முழுவதும் தனக்கே உரியது என்றது.

1854இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மற்ற கோரிக்கைகளை ஏற்றது. போட்டியாளர் ஓ'ரைலி உரிமையை மீறினார் என்றும் சொன்னது. எட்டாவதை மட்டும் மறுத்தது. நாளை ஒருவர் மோர்ஸின் கருவியில் ஒரு பாகத்தைக்கூட எடுக்காமல், இன்னும் எளிதாக, மலிவாக இதைச் செய்யக்கூடும். அவரும் மோர்ஸிடம் அனுமதி கேட்டு நிற்பதா என்பதே தலைமை நீதிபதி டானியின் கவலை.

மோர்ஸின் ஆசை எனக்குப் புரிகிறது. இத்தனை பாடுபட்டவருக்குத் தன் கருவி மட்டும் போதுமென்று எப்படித் தோன்றும்? ஆனால் 1831 வாக்கிலேயே ஆல்பனியில் நீண்ட கம்பியின் மறுமுனையில் மின்காந்தத்தால் மணியை ஒலிக்கவைத்தவர் ஜோசப் ஹென்றி. அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அவரும் எட்டாவது கோரிக்கை போல ஒன்றை எழுதி வென்றிருந்தால், மோர்ஸின் தந்தி ஹென்றியின் தயவில்தான் பிறந்திருக்கும். யாருக்கும் சொந்தமாகாமல் கிடந்த கருத்தின்மேல் நின்றுதான் ஒருவர் தனக்கென்று ஒன்றைச் செய்கிறார். செய்ததைக் கேட்கலாம், நின்ற இடத்தையும் சேர்த்துக் கேட்கலாகாது.

இந்த எல்லை எங்கே விழுகிறது என்பதுதான் கடினம். 2014இல் ஆலிஸ் வழக்கில், இடையாள் ஒருவர் மூலம் கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் பழைய வழக்கத்தைக் கணினியில் ஏற்றியது வெறும் அருவக் கருத்தே, அதற்குக் காப்புரிமை இல்லை என்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். ‘அருவக் கருத்து’ என்பதற்கு மட்டும் வரையறை தரவில்லை. மென்பொருள் எழுதுவோர் இன்றும் அந்த இருட்டில்தான் தடவுகிறார்கள். அது நியாயமான குறை. ஆயினும், கருத்தையே வேலி போட்டு அடைப்பதைவிட இந்தத் தடுமாற்றம் மேல் என்றே நினைக்கிறேன்.

1981இன் டீர் வழக்கு எனக்குத் தெளிவு தருகிறது. அச்சுக்குள் வேகும் ரப்பரின் வெப்பத்தை ஓயாமல் அளந்து, ஆரீனியஸ் சமன்பாட்டைக் கணினியில் மீண்டும் மீண்டும் போட்டு, பதம் வந்த கணத்தில் அச்சைத் திறக்கும் முறை அது. காப்புரிமை பெறத் தகுதி உண்டு என்றது நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். உரிமை அந்த ரப்பர் முறைக்கு மட்டுமே. ஆரீனியஸ் என்ற ஸ்வீடன் வேதியியலாளரின் அந்தச் சமன்பாட்டை வேறு எந்த ஆய்வுக்கூடமும் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.