என் வாயில் வந்த 'சாமி'

போன வருஷம் ஆவணியில் நடந்தது இது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அம்பேத்கரைப் பற்றிப் பேசிவிட்டு, அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் தோழர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு நன்றாக வந்திருந்தது. மாணவர்கள் சிலர் கூடவே வந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் ஊர்ப் பண்ணாடி. என் அப்பன் இருபத்திரண்டு வருஷம் பண்ணயத்தாளாகக் கிடந்த காட்டுக்குச் சொந்தக்காரர். எழுபதைத் தாண்டியவர். என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏண்டா, நீயி நம்ம மாதாரி பையன்தான?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுந்திருந்தேன். கையிலிருந்த கிளாஸ் எப்போது மேசைக்குப் போனது என்று தெரியவில்லை. வாய் சொன்னது: "ஆமாங் சாமி."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மாணவர்கள் என்னைப் பார்க்காமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். யாரையும் 'சாமி' போட்டுக் கூப்பிடாதீர்கள் என்று பத்து வருஷமாக வளவு வளவாகப் போய்ப் பேசியவன். பேசியது ஒருத்தன், எழுந்து நின்றது வேறொருத்தன். அன்று ராத்திரி தூக்கமில்லை. எனக்குள் உட்கார்ந்துகொண்டு என் முதுகை வளைக்கிறவன் யார்?

இந்த ஆளைச் சிறுபத்திரிகைக்காரர்கள் 'நனவிலி' என்பார்கள். கல்யாண மண்டபத்தில் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் 'ஆழ்மனம்' என்பார்கள். என் அம்மா, "உள்ளார ஊறிப்போனதுடா அது" என்பாள். மூன்றில் அம்மாவின் பேச்சுத்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஊறியது என்றால் ஊற வைத்தவர்கள் இருக்க வேண்டும், ஊறிய காலம் இருக்க வேண்டும்.

எனக்கு ஆறு வயது. அப்பனோடு சாளைக்குப் போவேன். பண்ணாடி வந்தால் அப்பன் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகும். "பண்ணாடி வந்தா எந்திரிச்சு நில்லு கண்ணு" என்பார் என்னிடம். பாசத்தில்தான் சொன்னார். எழுந்து நிற்காத பையன்களுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். டீக்கடையில் எங்களுக்கென்று தனிக் கிளாஸ் இருந்தது. கூரையில் சொருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, நாமே கழுவி, நாமே சொருக வேண்டும். கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று ஊரெல்லாம் பெருமை. 'ஏனுங்', 'சரிங்', 'வாங்' என்பதைச் சினிமாவில்கூடக் கேட்டு ரசிக்கிறார்கள். அந்த 'ங்' யார் யாருக்குப் போட்டது? எங்கள் அப்பன் பத்து வயசுப் பையனுக்கு 'ங்' போட்டார். அந்தப் பையன் அப்பனை 'டா' போட்டான்.

ஆழ்மன வகுப்பில் இதைத்தான் வேறு மாதிரிச் சொல்லித் தருகிறார்கள். ஒன்றை மனதில் பதிக்க வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் செய், உணர்ச்சியோடு செய், உடம்பால் செய் என்று. பிரான்சில் நான்சி நகரத்தில் எமில் கூவே (1857–1926) என்ற மருந்தாளுநர், நான் நாளுக்கு நாள் தேறி வருகிறேன் என்று நோயாளிகளைத் தினமும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள வைத்தார். அதன் வழி வந்தவைதான் இன்றைக்குப் பேருந்து நிலையக் கடைகளில் விற்கிற புத்தகங்கள் பலவும். அந்தக் கணக்கில் பார்த்தால் சாதிதான் இந்த மண்ணின் மிகப் பெரிய ஆழ்மனப் பயிற்சி. கட்டணம் கிடையாது. பிறந்த அன்றே சேர்த்துவிடுவார்கள்.

பேக்கரியில் நடந்ததற்குப் பிறகு ஒரு நண்பர் என்னை அப்படியொரு வகுப்புக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். "உங்களைப் புண்படுத்தியவரை மனத்திரையில் கொண்டு வாருங்கள். அவரை மன்னித்துவிடுங்கள். பாரம் இறங்கும்" என்றார் பயிற்சியாளர். பண்ணாடியைக் கொண்டுவந்தேன். மன்னித்தேன். பொய் சொல்லக் கூடாது, பாரம் இறங்கத்தான் செய்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலையில்தான் உறுத்தியது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லையே. கேட்காதவருக்கு நான் கொடுத்தது என்ன? எனக்குச் செய்ததை நான் மன்னிக்கலாம், அது என் பாடு. என் அப்பனுக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? கக்கத்துக்குப் போன துண்டு அப்பனுடையது. அப்பன் இன்னும் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அவருடைய கணக்கை நான் தீர்த்துவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாம் நாள் பயிற்சியாளர் இன்னொன்று சொன்னார். வெளியே நடப்பதெல்லாம் உள்ளே இருப்பதன் பிரதிபலிப்பாம். மனதை மாற்றினால் உலகம் மாறுமாம். அங்கே எனக்கு நடூர் ஞாபகம் வந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலை, மழையில் நனைந்த உயரமான சுற்றுச்சுவர் எங்கள் சனங்களின் வீடுகள் மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்கிருந்தவர்களும் இயக்கங்களும் சொன்னார்கள். அந்தப் பதினேழு பேரின் உள்ளே இருந்த எந்த எண்ணத்தின் பிரதிபலிப்பு அந்தச் சுவர்? இதைப் பழைய ஆட்கள் கர்மா என்றார்கள், இவர்கள் ஆழ்மனம் என்கிறார்கள். பாதிக்கப்பட்டவன் தலையிலேயே பழியைக் கட்டுவதில் இரண்டும் ஒன்றுதான்.

வேறு நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், தப்பி ஓடுகிற கறுப்பு அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருக்கிறது என்று எழுதி அதற்கு 'டிராப்பட்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். ஓட வைத்த சவுக்கு அவருக்கு நோயாகப் படவில்லை.

இதைச் சொன்னால் தோழர்கள் கைதட்டுவார்கள். "மனசாவது மண்ணாவது, எல்லாம் சமூகப் பிரச்சினை" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும் எழுதியாக வேண்டும்.

எங்களோடு ஒரு தம்பி இருந்தான். வன்கொடுமை நடந்த ஊர்களுக்கெல்லாம் போய் விவரம் எடுத்து வருவான். பிணவறை வாசலில் நிற்பான், அழுகிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவான். ஒரு கட்டத்தில், "தூக்கம் வரமாட்டீங்குதுண்ணா. மழை பெஞ்சா நெஞ்சு படபடங்குது" என்றான். "அதெல்லாம் நடுத்தர வர்க்கச் சீக்கு. அடுத்த வேலையைப் பாரு, சரியாப் போயிரும்" என்றேன். இன்னும் இரண்டு ஊருக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அவன் அறைக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டான். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசினார்கள். இப்போது தேறிவிட்டான். என்னோடு பேசுகிறான். ஆனால் 'அண்ணா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அதில் சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. நிலத்துக்கும் கூலிக்கும் மனு எழுதிய நான் இந்த உரிமையை ஒரு தடவைகூட மேடையில் பேசியதில்லை. காயத்துக்குக் காரணம் வெளியே இருக்கலாம். ரத்தம் இவன் உடம்பிலிருந்துதானே போகிறது? காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கட்டுப் போடாமல் இரு என்று சொல்ல நான் யார்?

பிரான்ஸ் ஃபனான் மனநல மருத்துவர். 1953இல் அல்ஜீரியாவில் பிளிடா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். 1956இல் ராஜினாமா செய்தார். சொந்த நாட்டிலேயே அந்நியனாக்கப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரிக்குள் மட்டும் வைத்தியம் செய்து பயனில்லை என்று கண்டுதான் வெளியேறினார். ஆனால் வெளியேறும் நாள்வரை வைத்தியம் பார்த்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அம்பேத்கரிடமும் இது இருக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர், தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். பதினெட்டு வருஷம் கழித்தும் அந்தக் காட்சி மங்கவில்லை, நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அத்தனை படிப்பும் அந்தக் கண்ணீரை நிறுத்தவில்லை. அதை எழுதுவது கேவலம் என்றும் அவர் நினைக்கவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

அவர்தான் 1936இல், சாதி செங்கல் சுவர் மாதிரியான பொருள் அல்ல, அது ஒரு மனநிலை என்றும் எழுதினார். நடூருக்குப் பிறகு அதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. அந்த மனநிலைதான் சுவர் கட்டுகிறது. சுவரை இடித்தாலும் அது இன்னொன்றைக் கட்டும். கிளாஸ் போய்ப் பேப்பர் கப் வந்த கடைகளில் பார்க்கிறோமே.

அந்த மனநிலையை மாற்ற அவர் செய்ததைப் பாருங்கள். 1956 அக்டோபர் 14, நாகபுரி. லட்சக்கணக்கான சனங்களை 22 உறுதிமொழிகளை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். 'நான்' என்று தொடங்கி ஒவ்வொருவரும் தன் வாயால் சொன்னார்கள். சமத்துவத்தை நம்புகிறேன் என்றும், இன்று புதிதாய்ப் பிறக்கிறேன் என்றும் சொன்னார்கள். இதுவும் ஆழ்மனத்தோடு செய்த வேலைதான். ஆனால் தனியறையில் கண்ணை மூடிச் செய்யவில்லை. வெட்டவெளியில், கண்ணைத் திறந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவன் குரலைக் கேட்டபடி செய்தார்கள். பழைய மதத்தை விட்டு வெளியேறுவதோடு சேர்த்துச் செய்தார்கள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். பயமும் கூச்சமும் அவர்கள் எனக்குள் போட்டவை. அவற்றைக் கழுவி வெளியேற்ற எந்த வழி உதவினாலும் எடுத்துக்கொள்வேன். மூச்சுப் பயிற்சியோ, மாத்திரையோ, மருத்துவரோ. கோபம் என்னுடையது. அதை மன்னிப்பு என்று சொல்லி யாரும் பிடுங்கிக்கொள்ள விடமாட்டேன். ஆனால் அது உள்ளே கிடந்து அந்தத் தம்பியைத் தின்ற மாதிரி என்னைத் தின்னவும் விடக் கூடாது. என்ன, யாரால், எப்போது என்று பெயர் சொல்லி வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு கற்றதை உடம்பால்தான் மறக்க முடியும். எங்கள் மாலைப் படிப்பகத்தில் நாலு பேர் சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். அந்தத் தம்பியும் வந்தான். அவன்தான் பண்ணாடி. நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு "ஏண்டா மாதாரி" என்பான். நான் உட்கார்ந்தபடியே பதில் சொல்ல வேண்டும். முதல் ஏழெட்டுத் தடவை எழுந்துவிட்டேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நின்றது.

தை நோம்பிக்கு ஊருக்குப் போனேன். மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பண்ணாடி அந்த வழியாக வந்தார். "வந்தயாடா?" என்றார். முழங்கால் நடுங்கியது. எழவில்லை. "வந்தனுங்க. நல்லாருக்கீங்களா?" என்றேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். என் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அப்பனிடம் சொன்னேன். "எதுக்குடா வம்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமா எந்திரிக்கலயா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நான் யோசிக்காமல் 'சாமி' என்றேன். அவரும் யோசித்துக்கொண்டு 'டா' போடவில்லை. அதுவும் அவருக்குள் ஊறிப்போனதுதான். நான் காசு கட்டி வகுப்புக்குப் போனேன், ஒத்திகை பார்த்தேன், தூக்கம் கெட்டேன். அவர் என்ன செய்தார்? ஆழ்மன வகுப்பு நடத்துகிறவர்களை நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களில் அவரைப் போன்றவர்களும் நிறையப் பேர். உள்ளே போய் அந்த 'டா' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லி, ஒரு நாளாவது பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா?