நான்கு நாள் வீடு

அறை பார்க்க வந்தவர் வாடகையில் குறைக்க முடியுமா என்று கேட்கவில்லை. சமையலுக்கு இடம் உண்டா, துணி துவைக்க மெஷின் உண்டா, எதுவும் கேட்கவில்லை. எங்கள் பேஸ்மென்ட் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஜன்னலிலிருந்து மலை தெரியுமா?" என்றார்.

தெரியாது. அந்த ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வெளியே மண் சரியாமலிருக்க அரைவட்டமாக நெளிதகடு பதித்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் ஏறித் தப்பிக்கச் சின்னதாக ஓர் இரும்பு ஏணி. அண்ணாந்து பார்த்தால் கையகல வானம். மாடிச் சமையலறையில் நின்றால் மேற்கே மலை தெரியும் என்றேன். தலையாட்டினார், நன்றி சொன்னார், போய்விட்டார். திரும்ப அழைக்கவில்லை.

டெக்சஸ் கடற்கரைப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கொலராடோவில் டிரக் ஓட்டும் வேலை கிடைத்து, டென்வரை ஒட்டி இடம் தேடிக்கொண்டிருந்தார். மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பேன், மற்றபடி வண்டியிலேயே தூக்கம் என்று போனிலேயே சொல்லியிருந்தார். மாதம் முழுக்க ராக்கி மலைக்குள் போய்வரப் போகிற ஒருவருக்கு, படுக்கும் அறையிலும் மலை எதற்கு? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவருக்கு வீடே எதற்கு என்றும் கேட்கலாம். ஸ்லீப்பர் டிரக்கில் படுக்கை இருக்கிறது, சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது, குளிக்க டிரக் ஸ்டாப் இருக்கிறது. 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம் என்பது சட்டம். அந்த ஓய்வும் பெரும்பாலும் கேபினில்தான் கழியும். டென்வர் பக்கத்து வாடகைக்குப் பயந்து வண்டியோடு வாழ்கிறவர்களும் உண்டு. ஆனாலும் லைசென்ஸுக்கு ஒரு விலாசம் வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் 30 நாளுக்குள் கனரக லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். எது உன் மாநிலம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் இருக்கும் விளக்கத்தை நான் பலமுறை படித்தேன். நிலையான வீடு இருக்கிற இடம், வெளியே போனாலும் திரும்பி வர வேண்டுமென்று நினைக்கிற இடம். எத்தனை இரவு அங்கே படுத்தாய் என்று அது கேட்பதில்லை. போக்குவரத்துச் சட்டம் ஒன்று மனசுக்குள் வந்து இப்படி விசாரிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

விலாசம் மட்டும்தான் வேண்டுமென்றால் என் பேஸ்மென்ட் போதும். அவருக்குப் போதவில்லை.

கல்லூரியில் சங்கப் பாட்டில் நான் படித்த உப்பு வணிகர்களான உமணர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்களின் உப்பு வண்டி வரும். வண்டியிலேயே கோழிக்கூடு, கட்டித் தொங்கவிட்ட காடிப் பானை, குழந்தையோடு உட்கார்ந்து மாட்டை விரட்டும் பெண். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்ற இன்னோர் அச்சை வண்டிக்கு அடியில் கட்டியிருப்பார்கள் என்பது ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டில் இருக்கிறது. வரிகள் மறந்து வண்டி மட்டும் மனதில் தங்கிவிட்டது. அவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. வீட்டையே கூட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். நம் டிரைவர்களுக்கு உப்பும் வண்டியும் மிஞ்சின, வீடு வேறோர் ஊரில் நின்றுவிட்டது.

என் அப்பாவும் லாரி டிரைவர்தான். எங்கள் வீடு திருச்செங்கோட்டில். வாசலில் நின்றால் அர்த்தநாரீசுவரர் மலை முழுசாகத் தெரியும். அப்பா பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வந்தால், கண்டாலா மலையைப் பற்றி அம்மா ஆசையாகக் கேட்பார். "மலையெல்லாம் எப்படீங்க இருந்துச்சு?" அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ரோடு நல்லா இருந்துச்சு." மலை என்றால் அவருக்கு ஏற்றமும் இறக்கமும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இங்கே இன்டர்ஸ்டேட் 70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் மைல் கணக்கில் இறக்கம். செப்டம்பர் முதல் மே வரை சக்கரச் சங்கிலியை உடன் எடுத்துச் செல்லாமல் கனரக வண்டிகள் அந்த மலைப்பாதையில் போகக் கூடாது. பிரேக் பிடிக்காத வண்டியை ஏற்றி நிறுத்த, ஓரத்தில் சரளை கொட்டிய மேட்டுப்பாதைகள் வைத்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலில், டென்வரை ஒட்டிய லேக்வுட்டில், பிரேக் போன ஒரு டிரக் நெரிசலில் புகுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த டிரைவருக்கு 23 வயது. அவரும் டெக்சஸ்காரர், சமவெளியான ஹூஸ்டனிலிருந்து வந்தவர். வழியில் இருந்த சரளைப் பாதைக்குள் அவர் திரும்பவில்லை. 110 ஆண்டு தண்டனை விதித்தார்கள். லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2021 டிசம்பர் கடைசியில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் அதைப் 10 ஆண்டாகக் குறைத்தார். இறந்த நான்கு பேரின் வீட்டாரையும் அந்தப் பையனையும் சேர்த்து நினைக்க என் மனசுக்கு இன்றும் முடியவில்லை.

இந்த மலையை டிரைவர் எங்கே பார்க்கிறார்? கண்ணெல்லாம் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கில், காதெல்லாம் இன்ஜின் சத்தத்தில். ஓட்டுகிறவர் அதை நின்று பார்க்க வேண்டுமானால் ஒரு வீட்டு ஜன்னல் வேண்டும். தன்னைக் கீழே இழுக்காத மலையாக அது அங்கேதான் இருக்கும். அந்த நான்கு நாளுக்காக முழு மாத வாடகை கொடுப்பது வீண் செலவே அல்ல என்று ஒரு முடிவுக்கு வந்தேன். சில நாள் அதில் நிம்மதியாகவும் இருந்தேன்.

அப்புறம் அப்பாவின் கயிற்றுக் கட்டில் குறுக்கே வந்து நின்றது. வீட்டில் இருக்கும் நாட்களில் அதை வாசலில்தான் போடுவார். தலைமாடு மலைப் பக்கம், கால்மாடு தெருப் பக்கம். எழுந்து உட்கார்ந்தால் எதிரே புளியமரத்தடியில் நிற்கும் லாரிதான் தெரியும். திருப்பிப் போடட்டுமா என்று அம்மா கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். மலை அவருக்கு அலுத்துவிட்டதா, முதுகுக்குப் பின்னால் அது இருப்பதே போதுமென்று இருந்தாரா, இல்லை, வீட்டில் இருந்தபோதும் மனசு வண்டியில்தான் இருந்ததா, தெரியவில்லை. இதில் எது சரியென்று தெரிந்தால்தான் ஜன்னலைப் பற்றி நான் கண்ட முடிவும் நிற்கும். டெக்சஸ்காரரோ தன் மனைவி பின்னால் வருவாரென்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மாதத்தில் மற்ற நாளெல்லாம் தனியாக இருக்கப் போகிறவருக்காகவும் அவர் அந்த மலையைக் கேட்டிருக்கலாம்.