பரிசோதனை யாருக்காக?

வல்லுறவுக்கு ஆளான பெண்ணொருத்தி, நோயும் தொற்றியிருக்குமோ என்று ஏங்குகிறாள். குற்றஞ்சாட்டப்பட்டவனின் இரத்தத்தைக் கட்டாயமாகச் சோதிப்பது நியாயமா? அவள் கேட்டு, தகுந்த காரணமும் இருந்தால், நீதிமன்று எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டளையிடலாம் என்றது 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று. முடிவு இரகசியமாகக் காக்கப்படவேண்டும் என்றும் விதித்தது.

தீர்ப்பு வரும்வரை அவன் நிரபராதியே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் இரகசியம் காக்கப்படின், அவன் இழப்பது சிறிது. அவளது ஏக்கமோ பெரிது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. புதிதாகத் தொற்றிய கிருமி சில வாரங்கள் சோதனையில் அகப்படாதிருக்கலாம். தடுப்பு மருந்தையோ 72 மணித்தியாலங்களுள் தொடங்கவேண்டும். எனவே, ‘அவனுக்கு நோயில்லை’ என்ற தாளொன்று அவளுக்கு முழு உறுதி தராது. அவன் இரத்தத்துக்காகக் காத்திராமல் அவளுக்கு மருந்தும் ஆதரவும் அளிப்பதே நம் முதற் கடமை.