எரிந்த வீடும் எஞ்சிய வீடும்: தீயிடரில் ஆறுதலின் அறம்

முன்னுரை

பேரிடரில் பிழைத்தோர் இறைவனுக்கு நன்றி கூறுதல் இயல்பு. ஆயின், பிழைத்தவரின் நன்றிமொழி இழந்தவருக்குத் தீர்ப்புமொழியாக மாறக்கூடுமா என்பது அறவியல் வினாவாகும். மும்பைத் தமிழ்க் கிறித்தவரின் வாழ்விடச் சூழலை முன்வைத்து, தீயிடரில் சமயநம்பிக்கை தரும் ஆறுதலின் இயல்பினை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொதுச்சுவர்

மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் அடுக்ககங்களைப் போலன்றி, தாராவிச் சந்துகளில் இரு வீடுகளுக்கு ஒரே சுவர் பொதுவாக அமைவதுண்டு. தோல், துணி, நெகிழி மறுசுழற்சிப் பட்டறைகள் குடியிருப்புகளோடு கலந்துள்ளன. பல சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழைய இயலாது. நெல்லைப் பகுதியிலிருந்து குடியேறிய கிறித்தவக் குடும்பங்கள் இங்கு இந்துக்களோடும் இசுலாமியரோடும் அண்டை அயலாராக வாழ்கின்றன. எனவே, 'ஆண்டவர் எங்கள் வீட்டைக் காத்தார்' என்று ஒருவர் கூறும் சாட்சி, வீடிழந்த அண்டை வீட்டாரின் செவியிலும் விழும். 'எங்கள் வீட்டை ஏன் காக்கவில்லை?' என்னும் வினா அங்கே எழுவது தவிர்க்கவியலாதது.

இரு சான்றுகள்

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. உயிர்த்தெழுதல் திருநாள் கழிந்து ஐந்தாம் நாள். பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் பருத்திப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் மாண்டனர். பிழைத்தோரே இறையருள் பெற்றோர் எனின், பிறரைக் காக்கச் சென்று மடிந்த அவ்வீரர்களை எவ்வாறு மதிப்பிடுவது?

2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய் மாநிலத்தின் லஹைனா நகரைப் புதர்த்தீ அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நகரின் மரியா லனகிலா கத்தோலிக்க ஆலயம் எஞ்சியது. பலர் அதனை அற்புதம் என்றனர். 1823இல் தோன்றிய வயோலா சபையின் ஆலயமோ அதே தீயில் எரிந்தது. ஆலயம் தப்பியதை இறைவிருப்பின் சான்றாகக் கொண்டால், எரிந்த ஆலயத்தில் தொழுதவரின் நம்பிக்கை குறைவுடையது என்றாகிவிடும். அம்முடிவை அறவுணர்வு ஏற்காது.

நூல் மரபு

யோபுவின் மந்தையையும் ஏவலரையும் வானத்தினின்று விழுந்த தீ எரித்தது. அவரைக் காணவந்த நண்பர் மூவரும் ஏழு நாள் பேசாது தரையில் உடனமர்ந்தனர். அதுவே அவர்கள் தந்த ஆறுதல். பின்னர்த் துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கினர். அதற்காகவே இறைவனின் சினத்திற்கு ஆளாயினர்.

தானியேல் ஆகமத்தில் சூளைத்தண்டனைக்கு ஆளான மூவர் கூறும் மறுமொழியும் நோக்கத்தக்கது. இறைவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று கூறும் அவர்கள், விடுவிக்காவிடினும் பொற்சிலையை வணங்கமாட்டோம் என்கின்றனர். சூளையினுள் நான்காமவர் ஒருவர் அவர்களோடு உலாவக் காணப்பட்டது அதன் பின்னரே. ஆகவே, அவர்தம் நம்பிக்கை மீட்பின் விளைவன்று, மீட்புக்கு முற்பட்டது. சுண்ணாம்பு நீற்றறையில் இடப்பட்ட அப்பர், வெளியேறிய பின்னரன்றி உள்ளிருந்தே பாடினார் என்னும் சைவ மரபும் இங்கு ஒப்புநோக்கற்குரியது. சமயம் வேறாயினும் ஆறுதலின் இலக்கணம் ஒன்றே.

முடிவுரை

நன்றி கூறுதல் வேறு, காரணம் கூறுதல் வேறு. முன்னது பிழைத்தவரின் உரிமை; பின்னதோ இழந்தவர்மீது சுமத்தப்படும் பழி. தீயினின்று காத்தார் என்பதைவிட, தீயினுள்ளும் உடனிருந்தார் என்னும் நம்பிக்கையே பொதுச்சுவரின் இருபுறத்தாருக்கும் சொல்லத்தக்கது. அதனைச் சொல்வோர் சொல்லோடு நிற்றல் இயலாது. எரிந்த வீட்டாருக்குத் தம் வீட்டில் இடமளிக்கும்போதே அந்நம்பிக்கை மெய்ம்மை பெறுகிறது எனலாம்.