பரணில் உறங்கும் கிதாபு



நம்மில் பலருடைய வீட்டுப் பரணில், பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கிறது. எழுத்து அரபு, பேச்சு தமிழ். பள்ளிக்கூடம் காணாத பெண்மக்களும் தொழுகை, நோன்புச் சட்டங்களை இவ்வெழுத்தில் கற்றார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (வஃபாத்து 1898) அருளிய 'மகானி'யும் இவ்வகையே.

அல்லாஹ்வின் திருநாமம் உள்ள ஏடு மிதிபடலாகாதென்று உயரத்தில் வைத்தோம். அது அதபுதான். ஆனால் கிதாபுக்குச் செய்யும் பெரிய அதபு அதை ஓதுவதல்லவா? கடையில் விற்காத சரக்கைக்கூட வருஷம் ஒருமுறை இறக்கித் தூசி தட்டிக் கணக்கெடுக்கிறோம். கிதாபைக் கறையான் கணக்கெடுக்கு முன் நாம் இறக்குவோம். ஓதத் தெரிந்த முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களருகே உட்கார வைப்போம். அவர்கள் மவுத்தானபின் ஏடு இருந்தும் ஊமையாகிவிடும்.

அல்லாஹ் நம்மனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக, ஆமீன்.