நாள்தோறும் புதிதாகும் மனம்



கேரளத்தின் கொச்சியில், மட்டாஞ்சேரியைச் சேர்ந்த பகுதி கொச்சங்காடி. 14-ஆம் நூற்றாண்டில் யூதர் அங்கே ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். இன்று அந்த ஆலயம் இல்லை. 1344-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் எபிரெயக் கல்வெட்டு மாத்திரம், 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தின் மதிலில் பதித்துக் காக்கப்படுகிறது. தங்கள் பிதாக்கள் தொழுதுகொண்ட இடத்தின் நினைவை அம்மக்கள் இழந்துபோகவில்லை, அது நன்று. ஆனால் நம்முடைய விசுவாச ஜீவியத்தைச் சற்று ஆராய்வோம். "இன்ன ஆண்டில், இன்ன கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன்" என்று நாம் சொல்லும் சாட்சி, இன்றும் ஆராதனை நடைபெறும் ஆலயமாயிருக்கிறதா? அல்லது கல்வெட்டாக மாத்திரம் நிற்கிறதா?

ரோமர் 12:2-இல் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகும்படி பவுல் எழுதுகிறார். அவர் எழுதியது அவிசுவாசிகளுக்கு அல்ல, ஏற்கெனவே கர்த்தரை ஏற்றுக்கொண்ட சபையாருக்கு. மூல மொழியாகிய கிரேக்கத்தில் அந்தக் கட்டளை, தொடர்ந்து நடக்கவேண்டிய செயலைக் குறிக்கும் வடிவில் உள்ளது. 2 கொரிந்தியர் 4:16-இலும் உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுவதையே அவர் கூறுகிறார்.

இதற்கு அதே மட்டாஞ்சேரியின் நீர்க்கரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முற்காலத்தில் கொச்சியின் கடல்வாயிலைப் பெரும் மணல்திட்டு மறித்து நின்றது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்குகள் படகுகளில் கரைசேர்ந்தன. 1920-இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அந்தத் திட்டை வெட்டித் திறக்கும் பணியை மேற்கொண்டார். 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்திற்குள் வந்தது. வாரியெடுத்த மண்ணினால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. ஆறுகளும் காயலும் கொண்டுவரும் வண்டல் ஓயாமல் படிவதால், இந்நாள்வரை அந்தக் கப்பல் வழிகளைத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் ஆழம் குறைந்துபோகும்.

நம் மனமும் அப்படியே. மனந்திரும்பிய நாளில் தேவன் பெரிய தடையை நீக்கினார். ஆனால் உலகத்தின் எண்ணங்கள் அனுதினமும் வண்டலாய்ப் படிகின்றன. அவை ஓசையின்றிப் படிவதால் நாம் உணருவதில்லை.

அப்போஸ்தலனாகிய பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியைப் பெற்றவர் அவர். ஆனாலும் புறஜாதியாரைத் தீட்டென்று எண்ணும் பழைய எண்ணம் அவருக்குள் இருந்தது. யோப்பா பட்டணத்தில் கண்ட தரிசனத்தினால் கர்த்தர் அதை மாற்றினார், அவர் கொர்நேலியுவின் வீட்டிற்குள் பிரவேசித்தார் (அப். 10). பின்பு அந்தியோகியாவிலோ, மனுஷருக்குப் பயந்து, புறஜாதி விசுவாசிகளோடு உண்பதைவிட்டு விலகினார் (கலா. 2). பழைய வண்டல் மீண்டும் படிந்துவிட்டது! பவுல் முகமுகமாய்க் கடிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, இது நமக்குத் தூரமான காரியமா? ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது முதலாவது ஜாதியை விசாரிக்கிறோம். ஞாயிறன்று கைகளை உயர்த்தித் துதிக்கிறோம். திங்களன்று வீட்டுவேலை செய்யும் சகோதரிக்குத் தனிக் குவளை வைக்கிறோம். மிஷனெரிகளைத் தாங்குகிற நாம், அவர்களால் ஆண்டவரை அறிந்தவர்களோடு சம்பந்தம் கலக்கத் தயங்கினால், எந்தச் சுவிசேஷத்தை அனுப்புகிறோம்?

ஆகையால் அனுதினமும் மூன்று காரியங்களைச் செய்வோம். காலையில் வேதத்தின் ஒரு பகுதியை வாசித்து, "கர்த்தாவே, என்னில் எதை மாற்ற விரும்புகிறீர்?" என்று கேட்போம். இரவில் அன்றைய சொற்களையும் எண்ணங்களையும் அவருக்கு முன்பாக வைத்து ஆராய்வோம். அவர் உணர்த்தும் ஒரு காரியத்தில் மறுநாளே கீழ்ப்படிவோம். பேசாதிருந்தவரோடு பேசுவதாயிருக்கலாம், தனிக் குவளையை அகற்றுவதாயிருக்கலாம். பவுலைப்போல அன்போடு கண்டித்துக் கூறும் ஒருவர் நமக்கு இருந்தால், அவரைப் பகைக்காமல் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துவோம்.

துறைமுகத்தில் வாரியெடுத்த மண்ணையும் வீணாக்காமல் தீவாக்கினார்கள். கர்த்தர் நம்மிலிருந்து அகற்றுகிறவைகளும் பிறர் காலூன்றி நிற்கும் சாட்சியாக மாறக்கூடும்.

பரலோகப் பிதாவே, எங்கள் மனதை நாள்தோறும் புதிதாக்கியருளும். உமது சித்தத்தைப் பகுத்தறிந்து, அதின்படி செய்யக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.