சேற்றின் மூச்சு

பங்குனி வெயில் முற்றத் தொடங்கியிருந்த ஒரு காலையில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு நான் மிகுந்த ஆசையோடு கட்டுவித்திருந்த சிறு குளத்தின் அருகே பூக்குடலையோடு வந்து நின்ற அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் தம்பி, இப்படி நாறுகிற தொட்டியிலே பூத்ததை எடுத்துச் சுவாமிக்குச் சாத்தலாமா?" என்று கேட்டார். அகன்ற வாயுடைய மூன்று மண்தொட்டிகள் அக்குளத்து நீருக்குள் அமிழ்ந்திருந்தன. இரண்டில் தாமரை, ஒன்றில் அல்லி. அன்று ஒரே ஒரு தாமரை மட்டும் விரிந்திருந்தது. அதைச் சூழ்ந்து அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்துகொண்டிருந்தது.

ஏட்டறிவு படைத்தவர்களுக்கு இத்தகைய கேள்விகளுக்கு விடை எப்போதும் கைவசம் இருக்கும். பங்கத்தில் பிறந்ததால்தானே அதற்குப் பங்கஜம் என்று பெயர், சேற்றில் பிறந்தாலும் செந்தாமரை செந்தாமரைதானே என்று நான் சொன்னேன். பாட்டியம்மாள் சிறிதும் தயங்கவில்லை. "சேறு வேற, இது வேற தம்பி. எங்க ஊர் ஏரிச் சேறு இப்படியா நாறும்?" என்று சொல்லிவிட்டு, நந்தியாவட்டையை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டார். ஆயிரம் பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய என் உவமை, ஏரிக்கரையில் வளர்ந்த ஒருவரின் மூக்கின் முன் நிற்க மாட்டாமல் விழுந்தது.

நாற்றம் என்னும் சொல்லுக்கே ஒரு துர்க்கதி நேர்ந்திருக்கிறது. வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்தில் மூக்கின் விஷயத்திற்கு இட்ட பெயர் அதுதான். ஆண்டாள் வெண்சங்கை விளித்துக் கண்ணன் திருவாயின் மணத்தை வினவும்போது ஆளும் வினையும் அதுதான். நல்லதும் தீயதும் ஒருங்கே அடங்கியிருந்த அச்சொல்லிலிருந்து நல்லது மெல்ல வெளியேறிவிட, இன்று கெட்டது மட்டும் குடியிருக்கிறது. தருக்க நூலாரோ இவ்விஷயத்தில் நடுநிலையாளர். கந்தம் பிருதிவி ஒன்றற்கே உரிய குணம் என்றும், அது சுரபி, அசுரபி என இருவகைப்படும் என்றும், நீருக்கு இயல்பாக மணமே கிடையாதாகையால் நீரில் மணம் தோன்றினால் அது அதனுள் கலந்த மண்ணினுடையது என்றும் அவர்கள் வகுத்துச் சொன்னார்கள். இதை நான் இளமையில் படித்திருக்கிறேன். படித்தது வேளையில் நினைவுக்கு வந்திருந்தால், தண்ணீரைத்தான் குற்றவாளி என்று கருதி இருமுறை குளத்தை இறைத்து ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பிய வீண்செலவாவது மிச்சமாகியிருக்கும்.

தருக்கம் செய்யாத உதவியைக் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க இறங்கி வந்த ஒரு முதியவர் செய்தார். மேற்கே நீலக்கோடாகத் தெரியும் அந்த மலையின் மலையாளிக் குடிகளில் ஒருவரான அவர், பின்கட்டில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர், மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் குனிந்து பார்த்து, கையிலிருந்த கோலால் தொட்டிச் சேற்றை மெல்லக் குத்தினார். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. "எருவ ரொம்பப் போட்டீங்களா சாமி?" என்றார். போட்டிருந்தேன். தொட்டியில் பாதிக்கு மாட்டெரு. அது போதாதென்று, கரும்பு விளையும் இந்தச் சீமையில் எளிதாகக் கிடைக்கும் ஆலைக் கழிவு மண்ணும் இரண்டு கூடை. "சோத்த அள்ளி அள்ளித் திணிச்சா புள்ளைக்கு மூச்சு முட்டாதுங்களா? சேத்துக்கும் மூச்சு வேணுமில்ல" என்று சொல்லி எழுந்து போனார்.

அவர் சொன்னதைத்தான் ரசாயன நூல்களும் சொல்கின்றன. நீருக்குள் அமிழ்ந்த மண்ணில் பிராணவாயு மிகமிக மெதுவாகவே இறங்குகிறது. மக்கும் பொருள் அங்கே மிகுதியாக இருந்தால், அதை உண்ணும் கண்ணுக்குத் தெரியாத அணுவுயிர்கள் இருக்கும் கொஞ்சப் பிராணவாயுவையும் விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவ்விடம் உயிரற்றுப் போவதில்லை என்பதுதான் வியப்பு. பிராணவாயு இல்லாமலே வாழவல்ல வேறொரு கூட்டம், எருவிலும் நீரிலும் கலந்துள்ள கந்தக உப்புகளையே மூச்சாகக் கொண்டு பெருகுகிறது. அது விடும் வெளிமூச்சுதான் அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகத்துக்குக் கந்தத்தினின்றே பெயர் வைத்த வடமொழியாளரின் மூக்கு பொய்க்கவில்லை. ஆக, எங்கள் தொட்டியிலிருந்து வந்தது மரணத்தின் நாற்றமன்று. மூச்சு மறுக்கப்பட்ட இடத்தில் உயிர் கண்டுபிடித்துக்கொண்ட மாற்று மூச்சின் நாற்றம். நெல் விளைவிப்பவன் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று முறைவைத்து, இடையிடையே வயலின் நீரை வடித்து மண்ணை வெடிக்க விடுவதில் அடங்கியுள்ள அறிவும் இதுவே. என் தொட்டிக்குக் காய்ச்சல் கிடையாது, பாய்ச்சல் மட்டுந்தான்.

மறுநாள் தொட்டிகளை வெளியே தூக்கிக் கவிழ்த்தேன். இந்தப் பக்கத்துச் செம்மண்ணை என் கையால்தான் நிரப்பியிருந்தேன். வெளியே விழுந்ததோ மைபோல் கறுத்த ஒரு பிண்டம். மண்ணிலுள்ள இரும்பும் அந்தக் கந்தகமும் கூடியதால் வந்த கறுப்பு அது. அருவருப்போடு அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது, காற்றுப் பட்ட மேற்புறமெல்லாம் மீண்டும் செம்பழுப்பாக மாறியிருந்தது. கட்டிகளை உடைத்தால் மட்டுமே உள்ளே கறுப்பு தெரிந்தது. மலம் என்பதைப் பற்றிச் சைவ சித்தாந்திகள் செய்த ஆராய்ச்சி முழுவதும் அந்த மண்கட்டியின் முன்னே எனக்கு நினைவு வந்தது. செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உடனாயுள்ள ஆணவத்தைச் சகச மலம் என்றும், பின்வந்து பொருந்தும் கன்மத்தையும் மாயையையும் ஆகந்துக மலம் என்றும் அவர்கள் பிரித்தார்கள். அப்படியானால் இந்தக் கறுப்பு எவ்வகை? காற்றுப் பட்டதும் கழன்றதால், மண்ணைப் பொறுத்தவரை இது வந்தேறியது என்பதில் ஐயமில்லை. வந்தேறியது எங்கிருந்து என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு இந்தப் பிரதேசத்திலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. 2019-இல் எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்தோடு நின்றுவிட்டாலும், திருக்கோவலூருக்குக் கிழக்கே பெண்ணையாற்றுச் சீமையில் உள்ள திருவெண்ணெய்நல்லூர் எங்களுக்கு அயலூர் அன்று. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே மெய்கண்டார் சிறுவராயிருந்து உபதேசம் செய்துவந்தார். தம் மாணாக்கரெல்லாம் அவரிடம் போய்விட்டது பொறாமல் வந்த முதியவரான சகலாகம பண்டிதர், ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று வினவியபோது, மெய்கண்டார் வாய் திறவாமல் அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார் என்று வரலாறு கூறுகிறது. நின்ற நிலையே விடை என்று உணர்ந்த பண்டிதர் அடிபணிந்து அருள்நந்தி சிவாசாரியரானார். பிற்காலத்தில் சிவஞான சித்தியாரை இயற்றினார். காலி எருக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நின்ற என்னையும் யாராவது அப்படி ஒருமுறை நோக்கியிருக்கலாம். பூ பெரிதாக வேண்டும், விரைவாக வேண்டும் என்ற என் ஆசை, அன்பின் வேஷம் போட்டுக்கொண்டு இரண்டு கூடை அதிகம் போட்டது.

இங்கே அந்தப் பழைய தாமரை உவமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலைமேல் நீர் ஒட்டாததையே பற்றற்ற வாழ்வின் இலக்கணமாகக் கொண்டு, சேற்றில் இருந்தும் சேற்றோடு சம்பந்தப்படாதது தாமரை என்று பேசிவருகிறோம். இலையின் மேற்பரப்பு மட்டும் உண்மையில் அப்படித்தான். அங்கே மெழுகு பூத்த நுண்மேடுகள் நீரைத் துளியாக உருட்டிவிடுகின்றன. ஆனால் தாமரைத் தண்டை ஒடித்தவர் எவரும் உள்ளே நீளவாக்கில் ஓடும் துளைகளைக் கண்டிருப்பார். அவை அலங்காரத்துக்கு அமைந்தவை அல்ல. அமெரிக்காவில் ஆராய்ந்த ஜான் டேசி என்பவர், அல்லிக் குலத்து மஞ்சள் நீர்ப்பூச் செடியில், இளந்தளிர் இலைகள் வெயிலின் வெப்பத்தால் காற்றை உள்வாங்கித் தண்டுவழியே சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு அனுப்புவதையும், அங்கிருந்து அது முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுவதையும் 1980-இல் எழுதினார். தாமரைக்குள்ளும் இத்தகைய காற்றோட்டம் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. நீர்ச் செடிகளின் வேர் நுனிகளில் அக்காற்றில் கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. நெல்லின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் துருப்போல் ஒட்டியிருக்கும் செம்மை அதன் அடையாளம். ஆகவே தாமரை சேற்றைத் தொடாமல் நிற்கவில்லை. நாள்முழுவதும் மேலிருந்து மூச்சை இறக்கிக்கொண்டே இருக்கிறது. பழுத்த இலைகூட வீணில்லை, அது வெளிவாசல். நானோ, அழகு கெடுகிறதென்று அவற்றின் தண்டுகளை நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, துளைகளில் நீர் புகும்படி செய்துவந்தேன். பற்றின்மைக்குத் தாமரையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் தண்டையும் கூண்டிலேற்றி விசாரிப்பது நல்லது.

இனிப் பாட்டியம்மாளின் கேள்வி. வாடியது, புழு அரித்தது, மயிர் சிக்கியது, முகர்ந்தது ஆகிய பூக்கள் பூசைக்கு ஆகா என்பது வழக்கு. பூத்த மண்ணின் மணத்தை அந்த விலக்குகள் கேட்பதில்லை. குற்றம் பெரும்பாலும் மனிதக் கையிலும் மூக்கிலும் இருந்தே தொடங்குகிறது. திருவாரூர்ப் பூங்கோயிலில் ஒரு மலரை எடுத்து முகர்ந்த பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்ததையும், அதை அறிந்த அவள் கணவரான அரசர் கழற்சிங்கர் மலரை எடுத்த கையே முதற்குற்றவாளி என்று அதையும் வெட்டியதையும் சேக்கிழார் பாடியிருக்கிறார். பக்தியின் உக்கிரத்தை வணங்கலாம். அந்த இடத்தை நடுக்கமின்றிப் படிக்க என்னால் இயலவில்லை.

மூக்கை நீதிபதியாக வைப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே சுளிக்கும் மூக்கு, அந்த வாயு நூறு பங்கை எட்டினால் சில நிமிஷங்களில் மரத்துப்போய், நாற்றமே இல்லை என்று சாதிக்கிறது. மூடிக்கிடக்கும் கழிவுத்தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்ட மனிதர்கள் ஓசையின்றிச் சாய்வது பெரும்பாலும் இதனாலேதான். பாதுகாப்பின்றி அவர்களை இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. அதன் பின்னும் இறக்குகிறோம். அழுக்கை உண்டாக்குகிறவன் சுத்தன், அதை எடுக்கிறவன் அசுத்தன் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் எழுதிவைத்த ஆசாரத்தில், என் எருக்கூடையின் தருக்கத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஏரியிலிருந்து களிமண் வருவித்தேன். எரு ஒரு பிடியும் சேர்க்காமல் கிழங்குகளை மீண்டும் பதித்து, மேலே இரண்டு விரற்கடை மணல் பரப்பி, தொட்டிகளை நீரில் இறக்கினேன். சித்திரையிலும் வைகாசியிலும் இலைகள் சிறுத்தே வந்தன. எரு வைக்கக் கை துடித்தது, வைக்கவில்லை. ஆடி பிறந்து மலைமேல் மேகம் தங்கிய ஒரு விடியலில் முதல் பூ விரிந்தது. வேலியோரம் நின்ற பாட்டியம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகாமல் குளத்தருகே வந்து, காற்றைச் சற்றே இழுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பறித்து, இதழில் தங்கிய நீரை உதறி, முகத்துக்கு எட்டாத தூரத்தில் கையை நீட்டிப் பிடித்தபடியே குடலையில் வைத்து எடுத்துச் சென்றார். நானும் அருகே குனியவில்லை. அந்தப் பூவின் மணம் எப்படி இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.